மேலக்கா வரைந்த ஊர்

அவளுக்கு மேலக்கா என்று பெயர் வைத்தவர் சிக்னல்காரர். கட்டடம் எழும்பும் இடத்தில் கீழே நின்றுகொண்டு, வாக்கி டாக்கியில் "இன்னும் கொஞ்சம் இடது, இறக்கு, நிறுத்து" என்று சொல்வது அவர் வேலை. நூற்றைம்பது அடி உயரத்தில் டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அதைக் கேட்டு நெம்புகோலை நகர்த்துவது இவள் வேலை. சேர்ந்த முதல் வாரம் "மேல இருக்கிற அக்கா, கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லித் தேய்ந்து அது மேலக்கா ஆகிவிட்டது. அவர் இவளைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கம்பி கட்டுகிறவர்கள் முதல் இன்ஜினியர் வரை எல்லோருக்கும் அவள் மேலக்காதான்.

கிரேன் ஓட்டுவதற்கு முன்னால் அதே கம்பெனியின் ஸ்டோரில் ஆணி, திருகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிரேன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியபோது, நாற்பது வயதை எட்டிப்பிடிக்கப் போகிற நேரத்தில், எனக்கும் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டுக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பயத்தில் கை நடுங்குகிறவர்களை உட்காரவைத்து ஊர் முழுக்க ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் இரண்டாம் மாடி பால்கனியில் நின்றால் அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

"அவ்வளவு ஒசரத்துல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"இங்க ஸ்டோர்ல ஜன்னலே இல்லைங்க" என்றாள்.

பயிற்சியில் தேறிய அன்று கேக் வாங்கிவந்தவரும் அவர்தான். ஆனாலும் மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவர் கிரேன் பக்கம் வந்து தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. கழுத்து வலி என்று சொல்லிவிடுவார்.

படம் வரைவது இவளுக்கு ஆசையால் வந்ததல்ல, சும்மா உட்கார்ந்திருந்ததால் வந்தது. காலை ஏழு மணிக்கு ஏணி ஏறினால் கூண்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம். அதனால் மத்தியானம் யாரும் இறங்குவதில்லை. ரொட்டி, அவித்த முட்டை, பிளாஸ்க்கில் டீ, எல்லாம் மேலேயே. கான்கிரீட் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கூண்டுக்குள் போன் கூடாது. பையில் பழைய டெலிவரி சீட்டுகள் கிடந்தன. அவற்றின் முதுகில் பென்சிலால் கிறுக்க ஆரம்பித்தாள். பென்சிலை ஒரு நூலில் கட்டி, நூலை நாற்காலிக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டிருந்தாள். அந்த உயரத்திலிருந்து ஒரு பென்சில் விழுந்தாலும் கீழே ஒருவர் மண்டை உடையும்.

கால்மாட்டில் கண்ணாடி. அதற்குக் கீழே ஊரின் மொட்டைமாடிகள். வாசலில் கோலாகலமாக வண்ணம் அடித்திருக்கும் வீடு, மாடியில் வேறு ஆளாக இருக்கும். தூக்கிப் போட மனசு வராததும் வீட்டுக்குள் வைக்க இடம் இல்லாததும் மேலேதான் போகும். கால் உடைந்த நாற்காலி, பெயிண்ட் டப்பாவில் ரோஜாச் செடி, எந்த வீட்டுக்கும் பொருந்தாத ஒரு கதவு, துணி காயப்போடுவதற்கு மட்டும் பயன்படுகிற உடற்பயிற்சி சைக்கிள். ஒரு மாடியில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தினமும் எட்டுப் போட்டு நடப்பார், நடந்துகொண்டே பேப்பர் படிப்பார், ஒருநாளும் தொட்டியில் இடித்துக்கொண்டதில்லை. இன்னொரு மாடியில் இரண்டு பெண்கள் போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஆடுவார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மனிதர்கள் செய்கிற காரியங்கள் எவ்வளவு அழகு என்று மேலக்காவுக்குத் தோன்றும். ஆளைப் புள்ளியாகத்தான் போடுவாள், முகம் வைக்கமாட்டாள். அது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சட்டம்.

இந்தச் சீட்டுகளைக் கண்டுபிடித்தவள் அவள் தங்கை. ஜெராக்ஸும் பிரேமும் போடுகிற கடையில் வேலை பார்க்கிறவள். அக்காவின் பையில் டீ கொட்டிவிட்டது என்று துடைக்கப்போனவள், உள்ளே கையை விட்டு ஒரு கத்தைச் சீட்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கடைக்குக் கொண்டுபோய் மூன்றைப் பெரிதாக்கி நகல் எடுத்தாள். ஒரு வாரம் கழித்து, எதுவுமே நடக்காதமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, கோவப்படாம கேளு. பல் டாக்டரம்மா மாடியில புதுசா வரையறவங்களுக்குக் கண்காட்சி போடறாங்கல்ல? உன் பேர்ல ஒரு அப்ளிகேஷன் போட்டுட்டேன்."

"என் பேர்லயா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. கேட்டா வேண்டாம்ப. எடுத்துட்டாங்க அக்கா. பதினோரு பேர்ல நீயும் ஒரு ஆளு."

மேலக்கா துடைப்பத்தைத் தேடினாள். தங்கை அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தாள்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக் கீழே, ஓவியக்கூடம் மேலே. ஒரே படிக்கட்டு. வருஷத்துக்கு இரண்டு முறை ஊர்க்காரர்களின் படங்களைச் சேர்த்து மாட்டுவார். கீழே வரிசைக்குக் காத்திருக்கிறவர்கள் சும்மா இருக்காமல் மேலே வந்து பார்ப்பார்கள். அதனால் அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு கன்னம் வீங்கியவர்களாகவோ, வாயில் பஞ்சு வைத்தவர்களாகவோ இருப்பார்கள். பெரிய பெரிய ஓவியர்களுக்குக்கூட இவ்வளவு அமைதியான ரசிகர்கள் கிடைத்ததில்லை என்று டாக்டரம்மா பெருமையாகச் சொல்வார்.

முதல் கண்காட்சியில் மேலக்காவின் மூன்று சின்னப் படங்களுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே இடம் கிடைத்தது. நல்ல சுவர் முழுவதையும் குதிரைகள் பிடித்துக்கொண்டன. குதிரை மட்டுமே வரைகிற ஒருவர் இருந்தார், தபால் அலுவலகத்தில் வேலை. அவருடைய குதிரைகள் ஆளுயரம், பிடரி பறக்கும், கண்ணில் நெருப்பு. பார்க்க வருகிறவர்கள் குதிரைகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேலக்காவின் பக்கம் வந்தவர்கள் கை கழுவ வந்தவர்கள்.

நாலாம் நாள் சாயங்காலம், கன்னம் மரத்துப்போன ஒரு பெண்மணி நடுப்படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றார். பிறகு மேலக்காவைப் பார்த்து, படத்தைக் காட்டி, "உஃப் அஃகா ஈஃடு" என்று என்னவோ சொன்னார். மேலக்கா தலையாட்டினாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் மரமரப்புத் தெளிந்து அதே பெண்மணி மெனக்கெட்டுத் திரும்ப வந்தார்.

"நேத்து நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிருக்காது. இது எங்க அக்கா வீட்டு மாடி. அந்தக் கதவு அவ வீட்டுக்காரர் ஏலத்துல எடுத்தது. பத்து வருஷமா சண்டை நடக்குது அந்தக் கதவுக்கு. நீங்க எப்படிங்க அதைப் பார்த்தீங்க?"

மேலக்கா அன்று வீட்டுக்கு நடந்துபோனாள் என்று சொல்வது சரியில்லை, கால் தரையில் பாவவேயில்லை. ஒரு கதவைத் தெரிந்துகொண்டு ஒருத்தி இரண்டு முறை படி ஏறியிருக்கிறாள்! அப்படியென்றால் ஊர் முழுவதையும் வரைந்தால் என்ன?

அதற்கு ஏழு மாசம் ஆயிற்று. மேலே பென்சிலில் குறித்துக்கொண்டு வந்ததைச் சாயங்காலம் வீட்டுத் தரையில் சார்ட் தாளில் மையால் பெரிதாக வரைவாள். மொத்தம் எட்டுத் தாள். கிரேன் கை எந்தத் திசைக்குத் திரும்புகிறதோ அந்தத் திசைக்கு ஒரு தாள். எட்டையும் சுற்றி வைத்தால் நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். அது கிரேன் நிற்கிற இடம், அதாவது அவள்.

தெருக்களைச் சரிபார்க்கிற வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். கேட்காமலே எடுத்துக்கொண்டார். ஊரில் அவர் போகாத சந்து கிடையாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளின் மேல் குனிவார்.

"இங்க ஒரு வேகத்தடை இருக்கு. காணோமே?"

"மேல இருந்து பாத்தா வேகத்தடை தெரியாதுங்க."

"தெரியாட்டி என்ன, இருக்குல்ல? நேத்துகூட ஒருத்தன் வண்டியை அதுல தூக்கிப் போட்டு, என் தலை கார் கூரையில இடிச்சுது."

அவள் சிரித்துக்கொண்டே மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். அடுத்த நாள் அவர் ஒரு காகிதத்தில் இருபத்துமூன்று வேகத்தடைகளை எழுதிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது கண்காட்சியில் டாக்டரம்மா அவளுக்கு ஒரு முழுச் சுவர் கொடுத்தார், குதிரைகளுக்கு எதிர்ச்சுவர். எட்டுத் தாளையும் ஒட்டி, நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, தங்கையும் அவளும் மாட்டினார்கள். சனிக்கிழமை காலை கதவு திறந்தது. பத்தரைக்குள் ஊரில் பேச்சுப் பரவிவிட்டது, டாக்டரம்மா மாடியில் நம்ம வீடெல்லாம் மாட்டியிருக்காம் என்று.

முதலில் மருந்துக்கடைத் தெருக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் தெரு மேல்வரிசைத் தாளில் நேராக இருந்தது. கண்டுபிடித்து, கைதட்டி, ஒருவர் வீட்டை ஒருவர் காட்டிச் சிரித்து அமர்க்களம் பண்ணிவிட்டுப் போனார்கள். அடுத்து பள்ளிக்கூடத் தெருக்காரர்கள் வந்தார்கள். சலவைக்கடை வைத்திருக்கிற பெண்மணி படத்தைப் பார்த்தார், தலையைச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார், இடுப்பில் கைவைத்தார்.

"எங்க தெருவை மட்டும் ஏம்மா தலைகீழா தொங்கவிட்டிருக்கீங்க? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

மேலக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. உண்மைதான். நடுவில் உட்கார்ந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் இருப்பது மேலே, பக்கத்தில் இருப்பது கீழே. தரையில் விரித்து நாலு பக்கமும் தவழ்ந்து வரைந்தபோது இது அவளுக்கு உறைக்கவேயில்லை. சுவரில் ஏற்றியதும் பாதி ஊர் நேராகவும் பாதி ஊர் வௌவாலாகவும் தொங்கியது.

டாக்டரம்மா நாலு பேரைச் சேர்த்துப் படத்தைத் திருப்பி மாட்டவைத்தார். பள்ளிக்கூடத் தெரு நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மருந்துக்கடைத் தெருக்காரர்கள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, "நேத்து நேரா இருந்துச்சே!" என்று கத்தினார்கள். மறுபடி திருப்பினார்கள். பக்கவாட்டுத் தெருக்காரர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு எப்போது என்று கேட்டார்கள்.

"இது படமா, கடிகாரமா? மணிக்கொருதரம் திருப்பறோம்" என்றார் டாக்டரம்மா. அவருக்குக் கோபம் இல்லை, மூச்சு வாங்கியது.

கோபம் வந்தது குதிரைக்காரருக்கு. தலையைச் சாய்த்துப் பின்னால் நகர்ந்த கூட்டம் அவருடைய குதிரைகளை மறைத்துக்கொண்டு நின்றது. ஒருவர் பின்பக்கமாகவே போய் ஒரு குதிரையின் வயிற்றில் சாய்ந்துவிட்டார். குதிரைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க? பேசாம எல்லாரும் படத்துக்கு நடுவுல உக்காந்து சுத்திச் சுத்திப் பாருங்க!"

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் மேலக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். பிறகு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அதான் சார்! அதேதான்! நான் அப்படித்தான் பாக்கறேன்!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அரை மணி நேரத்துக்குள். வெள்ளைத் தாளை உரித்தாயிற்று, எட்டுத் தாளையும் பிரித்தாயிற்று. கீழே காத்திருக்கும் அறையிலிருந்து மூன்று மேசை, பக்கத்து டீக்கடையிலிருந்து மூன்று, எங்கிருந்தோ தங்கை இரண்டு. சதுரமாகப் போட்டு, மேசைக்கு ஒரு தாளாக விரித்தார்கள். தூரத்து வீடு வெளிப்பக்கம், பக்கத்து வீடு உட்பக்கம். நடுவில் உட்கார என்ன போடுவது என்று யோசித்தபோது டாக்டரம்மா தானே கீழே ஓடிப்போய் தன்னுடைய சுழலும் ஸ்டூலை உருட்டிக்கொண்டு, படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நாளைக்குக் காலையில எனக்கு வேணும். அதுவரைக்கும் வச்சுக்கோங்க" என்றார்.

முதலில் யார் உட்காருவது? தங்கை, "மாமா, நீங்க" என்று டிரைவிங் வாத்தியாரைப் பிடித்துத் தள்ளினாள். அவர் ஸ்டூலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"வேகமா சுத்துமா?"

"நான் பிடிச்சிருக்கேன், உக்காருங்க" என்றாள் மேலக்கா.

ஒரு மேசையை நகர்த்தி உள்ளே விட்டு, மறுபடி சேர்த்தார்கள். அவர் உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு, கிரேன் கையைத் திருப்புகிற அதே நிதானத்தில் ஸ்டூலைத் திருப்பினாள். அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சிக்னல்காரரும் வந்திருந்தார். அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மேசைக்கு வெளியே நின்று கையை உயர்த்தினார்.

"மேலக்கா, இடது... இடது... மெதுவா... நிறுத்து!"

கூடமே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. தெருக்கள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வந்து, நேராக நின்று, நகர்ந்துபோயின. மூன்று வருஷமாக அவர் நிமிர்ந்து பார்க்காத இடத்திலிருந்து ஊர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார். ஆறாவது தாளில், கற்றுக்கொள்கிறவர்கள் வண்டியை எட்டுப் போடுகிற மைதானம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு புள்ளி.

"இது யாரு?"

"நீங்கதான்."

"என்னைத் தெரியுமா அங்கிருந்து?"

"பதினோரு மணிக்கு மரத்தடிக்கு வருவீங்க. டீ வரும். கூட ஒரு பிஸ்கட் பாக்கெட். அப்புறம் சுத்துமுத்தும் பார்த்துட்டு இன்னொரு பாக்கெட்."

வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குப் பூட்டுப் போடாத குறை. அவர் காது வரை சிவந்துவிட்டார்.

"மூணு வருஷமாவா பாக்கற? ஒரு வார்த்தை கேக்கலியே!"

"கேட்டா நீங்க அந்த மரத்தடிய விட்டுட்டு வேற எங்கயாவது போயிடுவீங்க. அப்புறம் நான் எங்க பாக்கறது?"

அவர் தோளில் இருந்த அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, "இன்னொரு சுத்து விடு" என்றார். அந்தச் சுற்றில் வேகத்தடைகளை எண்ணினார். இருபத்துமூன்றும் இருந்தன.

அதற்குப் பிறகு ஸ்டூலுக்கு வரிசை படிக்கட்டு வரை நின்றது. எந்த வீடு வேண்டும் என்று சிக்னல்காரர் கேட்பார், வலது, இடது என்று கத்துவார், தங்கை ஸ்டூலைத் திருப்புவாள். சலவைக்கடைப் பெண்மணி தன் வீட்டைப் பார்த்ததும், "ஐயையோ, தண்ணித் தொட்டிக்கு மூடி இல்லியே! ஏங்க, எத்தனை மாசமா இந்தத் தண்ணியக் குடிக்கறோம்?" என்று புருஷனைத் தேடினார். அவர் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார். ஒரு அம்மாள் கொடியில் என்னென்ன துணி வரைந்திருக்கிறாளோ என்று சண்டை போடவே வந்திருந்தார். ஊர் முழுக்கக் கொடிகள் இருந்தன, ஒன்றிலும் துணி இல்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் வரைஞ்சேன்மா" என்றாள் மேலக்கா. அந்த அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். வழுக்கைத் தலைக்காரர் வந்தார், தன்னுடைய புள்ளியைக் கண்டுபிடித்தார், பின்னால் நின்ற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இது நான்தான், பேப்பர் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் குதிரைக்காரர் உட்கார்ந்தார். யாரும் திருப்ப வேண்டாம் என்று காலாலேயே தள்ளிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றில் பாதியில் நிறுத்தினார். அவர் வீட்டு மாடியில், மழையிலும் வெயிலிலும் மல்லாந்து கிடந்த ஒரு பெரிய துணி ஓவியம், கட்டைவிரல் அகலத்தில் வரையப்பட்டிருந்தது. அதில் ஒரு குதிரை.

"இதையும் பார்த்திருக்கீங்களா?" என்றார் மெதுவாக. "அது சரியா வரல. காலு ரெண்டும் சொதப்பிடுச்சு. கிழிக்க மனசு வராம மேல போட்டுட்டேன்."

"எனக்குத் தெரியாது சார். மேல இருந்து பாத்தா அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். காலையில வெயில் சாய்வா விழுந்தா பிடரிகூடத் தெரியும். மனசு சோர்ந்தா நான் அந்தப் பக்கம்தான் பாப்பேன்."

குதிரைக்காரர் எழுந்தார். எழுந்தவர், தன் குதிரைகளில் இரண்டைக் கழற்றிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, "கூட்டம் நிக்க இடம் வேணும்ல" என்றார். மீதி எட்டு நாளும் வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலை அவருடையது. மேசைக்கு அடியில் புகுந்து வருகிற குழந்தைகளைப் பிடித்து வெளியே விடுவதும் அவர்தான். டாக்டரம்மாவுக்கு ஸ்டூல் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த எட்டு நாளும் நின்றுகொண்டே பல் பிடுங்கினார்.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை மேலக்கா ஏணி ஏறி, கூண்டுக்குள் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். பார்த்தவள் திடுக்கிட்டாள். மாடியெல்லாம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. உடைந்த நாற்காலி இல்லை. சைக்கிள் இல்லை. கதவு இல்லை, பத்து வருஷச் சண்டை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டதுபோல. தொட்டிகளுக்கெல்லாம் புது மூடி. மேலே ஒருத்தி பார்க்கிறாள் என்று தெரிந்ததும் ஊரே ஒட்டடை அடித்துவிட்டது. வழுக்கைத் தலைக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பேப்பர் படிக்காமல், அவள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எட்டுப் போட்டார். தொட்டியில் இடித்துக்கொண்டார்.

"மேலக்கா, ஏன் சிரிக்கிறீங்க? சத்தம் இங்க வருது" என்றார் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில்.

"வரையறதுக்கு ஒண்ணுமே வைக்கல, எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டாங்க!"

"ஒரு மாசம் பொறுங்க. எங்க வீட்லயும் நேத்து அப்படித்தான் கூட்டினாங்க. எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

இருபது நாள்தான் தாங்கியது. ஒரு வியாழக்கிழமை, லாரிக்காகக் காத்திருந்தபோது, பள்ளிக்கூடத் தெருவில் ஒரு வீட்டு மாடிக்கு இரண்டு பேர் முக்கி முனகி எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கதவு போன ஒரு பழைய அலமாரி. சுவரோரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு பேரும் மேலே நிமிர்ந்து அவளுக்குக் கையசைத்தார்கள்.

மேலக்கா நூலை இழுத்துப் பென்சிலை எடுத்தாள்.